வாரம் பெர்சி
வாரம் பெர்சி இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயரில் உள்ள, ஆளற்றுப் போன இடைக்கால ஊர் ஆகும். சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒற்றையடிப் பாதையில் நடந்தே இவ்வூரை அடைய முடியும். கூரையிழந்த புனித மார்ட்டின் தேவாலயமும், வீடுகள் இருந்த இடத்தில் புல் மூடிய மேடுகளும் எஞ்சியுள்ளன.

1348-49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயே இவ்வூரை அழித்தது எனக் கருதுவது தவறு. மக்கள்தொகை குறைந்தாலும், அதன் பின்னரும் இங்கு உழவு நடந்தது. கம்பளி கூடுதல் ஆதாயம் தந்ததால், நிலவுடைமையாளர்கள் விளைநிலங்களை ஆட்டு மேய்ச்சலுக்கு மாற்றினர். 1500ஆம் ஆண்டையொட்டி எஞ்சிய குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன.

மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு, ஜான் ஹர்ஸ்ட் ஆகியோர் தலைமையில் 1950 முதல் 1990 வரை நடந்த அகழாய்வுகளால், பெயர் எழுதப்படாத குடியானவர்களின் அன்றாட வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றது.