சட்டப் புத்தகத்தில் இல்லாத தடை

விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பை வென்றவர்களிடமிருந்து தொடங்குவார்கள். நான் விதிகளிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மைதானங்களில் மாலையானால் பையன்களின் கிரிக்கெட் நடக்கும். பெண்கள் ஓரமாக நடைப்பயிற்சி போவோம். பெண்கள் ஆடக் கூடாது என்று எங்கும் பலகை வைக்கவில்லை. அப்படியானால் நம்மை ஓரத்தில் நிறுத்துவது எது? இந்தக் கேள்வியோடுதான் நான் ரக்பியைக் கற்றுக்கொண்டேன்.

ரக்பி நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பில் வெள்ளைக்கார ஆண்கள் அதை ஆடினார்கள். 1870களில் கல்கத்தாவிலும் ஒரு ரக்பி கிளப் இருந்தது. அது கலைந்தபோது மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். ‘கல்கத்தா கோப்பை’ என்ற அதற்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதி வருகின்றன. நம் வெள்ளி கடல் கடந்து போனது. ஆட்டம் கிளப் மதிலைத் தாண்டி நம் தெருவுக்கு வரவில்லை.

1871இல் இங்கிலாந்தில் ரக்பி யூனியன் உருவானபோது, ரக்பி பள்ளியில் படித்த மூன்று வழக்கறிஞர்கள் 59 விதிகளை எழுதினார்கள். இன்றும் அவற்றைச் ‘சட்டங்கள்’ என்றே சொல்கிறார்கள். பெண்களை விலக்க அதில் ஒரு சட்டமும் தேவைப்படவில்லை. பள்ளியும் கிளப்பும் ஆண்களுடையவை. அதுவே போதுமானதாக இருந்தது.

சரி, ஆட்டம் எப்படி? கபடி தெரிந்தவர்களுக்கு ஆளை மடக்கிப் பிடிப்பது புதிதல்ல. ரக்பியில் அணிக்கு 15 பேர், 80 நிமிடம். முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’, 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 2. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3. கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். ஆகவே முன்னே ஓடுகிறவளுக்குப் பின்னால் ஆள் இல்லையென்றால் அவள் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். பந்து வைத்திருப்பவளை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம், அதுவும் தோளுக்குக் கீழே. விழுந்தவள் பந்தை விட வேண்டும், பிடித்தவள் அவளை விட வேண்டும்.

சட்டை எண் ஆளுக்கானதல்ல, வேலைக்கானது. 1 முதல் 8 வரை முன்வரிசை. ‘ஸ்க்ரம்’ என்ற தள்ளுமுள்ளில் 1, 3 எண்களான ப்ராப்கள் பாரம் தாங்குவார்கள். நடுவில் 2, ஹூக்கர், பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவள். 4, 5 உயரமான லாக்குகள். 6, 7 ஓய்வின்றி ஓடிப் பிடிக்கும் ஃப்ளாங்கர்கள். 8 கடைசியில் நின்று பந்தைக் காப்பவள். 9 ஸ்க்ரம்-ஹாஃப், பெரும்பாலும் குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பாள். ஆட்டத்தின் போக்கை முடிவு செய்வது 10. நடுவில் 12, 13. ஓரங்களில் வேகமாக ஓடும் 11, 14. எல்லோருக்கும் பின்னால் 15, கடைசிக் காவல். குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டை என்று நம் பெண்களைக் கேலி செய்யும் ஒவ்வொரு சொல்லுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது.

பெண்கள் இந்தச் சட்டங்களை யாரும் அழைக்காமலேயே கற்றுக்கொண்டார்கள். 1880களில் அயர்லாந்தில் எமிலி வாலன்டைன் என்ற சிறுமி, அண்ணன்மாரின் பள்ளி அணியில் ஆள் குறைந்தபோது இறங்கி ஆடி ட்ரையும் அடித்தாள். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனையில் இருக்க, 1917 டிசம்பரில் கார்டிஃப் மைதானத்தில் கார்டிஃப், நியூபோர்ட் பெண்கள் மோதினார்கள். போர் முடிந்ததும் மைதானம் ஆண்களிடமே திரும்பியது.

1991இல் டெபோரா கிரிஃபின் உள்ளிட்ட நான்கு பெண்கள், சர்வதேச ரக்பி வாரியத்தின் ஆதரவே இல்லாமல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை வேல்ஸில் நடத்தினார்கள். 12 அணிகள் வந்தன. சோவியத் அணியினர் செலவுக்குப் பணமில்லாமல் கொண்டுவந்த வோட்காவை விற்றார்கள். இறுதியில் அமெரிக்கா இங்கிலாந்தை 19–6 என்று வென்றது. அந்தக் கிரிஃபின்தான் 2025இல் இங்கிலாந்து ரக்பி யூனியனின் முதல் பெண் தலைவரானார்.

இந்தியப் பெண்கள் 15 பேர் அணியாக 2018இல் சிங்கப்பூரில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் ஆடினார்கள். மறு ஆண்டு ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றார்கள். கடைசி நிமிடங்களில் பெனால்டி உதைத்து வெற்றியைத் தந்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். வெள்ளைக்கார ஆண்களின் கிளப் ஆட்டம் ஒடிசா பெண்ணின் காலுக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இத்தனை காலமும் வழியை அடைத்து நின்றது விதியல்ல. மைதானம், பணம், நேரம், வீட்டாரின் சம்மதம் ஆகியவைதான்.

அந்தச் சம்மதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “விழுந்து கை கால் உடைஞ்சா உன்னை எவன் கட்டிப்பான்?” என்று கேட்டு வளர்த்த தலைமுறை என்னுடையது. நம் உடம்பை வேறொருவருக்காகப் பத்திரப்படுத்தச் சொன்ன பேச்சு அது. ரக்பியில் புதிதாகச் சேரும் பெண்ணுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று, அடிபடாமல் விழுவது எப்படி என்பது. விழுந்ததும் பந்தைத் தோழிகள் பக்கம் வைத்துவிட்டு எழுந்து ஓட வேண்டும். நம் பெண்களுக்கு இந்த ஆட்டம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, அந்த ஒரு பாடத்துக்காகவாவது வேண்டும் என்பதே என் பதில்.