கல்லும் ஏடும்



ஒரு குடும்பம் தன் மூதாட்டியையே மறந்துவிடுமா? அமெரிக்காவின் ஹவ்லண்ட் குடும்பம் மறந்திருந்தது.

1620ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகள் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் ஜான் ஹவ்லண்ட், ஜான் கார்வர் என்பவரின் பணியாள். புயலில் கடலில் விழுந்தும், தொங்கிய பாய்க்கயிற்றைப் பற்றி உயிர் பிழைத்தவர். கார்வரோ, பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநரானார்.

ஹவ்லண்டுக்குப் பத்துப் பிள்ளைகள். அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டும் அவர் வழிவந்தவரே. ஹவ்லண்டின் மனைவி ஆளுநர் கார்வரின் மகள் என்றே சந்ததியினர் நம்பினர். 1836இல் பிளிமத்தில் நாட்டிய கல்லறைக் கல்லிலும் அவ்வாறே பொறித்தனர்.

பின்னாளில் ஆளுநராயிருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட், குடியேற்றத்தின் வரலாற்றை எழுதி வைத்திருந்தார். காணாமற்போன அந்தக் கையெழுத்து ஏடு, 1855இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. கப்பலில் வந்தோர், மணந்தோர், மாண்டோர் விவரமெல்லாம் அதில் இருந்தது. ஹவ்லண்டின் மனைவி ஜான் டில்லியின் மகள் எலிசபெத் என்றது அது. 13 வயதில் கப்பலேறி, முதல் குளிர்காலத்திலேயே தாய் தந்தையரைப் பறிகொடுத்த பெண் அவர்.

ஆளுநர் உறவு என்ற பெருமை, அந்த அனாதைப் பெண்ணின் பெயரை மறைத்துவிட்டது.

பிராட்ஃபோர்ட் அவர்களோடு வாழ்ந்தவர். கல் நாட்டியவர்களோ ஹவ்லண்ட் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்தவர்கள். வம்சாவளி தேடுவோர், எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று முதலில் கேட்க வேண்டும். கல்லிலே பொறித்துவிட்டால் மட்டும் பொய் மெய்யாகிவிடாது.