திண்ணையில் நெல்லிலக்கம், வகுப்பறையில் மூன்றாம் பருவம்

மார்கழிப் பனி விலகும் முன்பே மூன்றாம் பருவப் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். அதை ஒழுங்காகப் பிரித்துப் பார்ப்பதற்குள் பொங்கல். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் வாடிவாசல் பேச்சு. அது ஓய்ந்தால் மேலூர்ப் பக்கம் அறுப்பு. தைப்பூசத்துக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். பிறகு மாசி, பங்குனி வெயில். சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் ஆயத்தமாகும் வேளையில் ஆண்டிறுதித் தேர்வு வந்து பருவத்தை முடித்துவைக்கும்.

இந்த நான்கு மாதங்களில் மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகள் கற்பது என்ன? பாடத் தலைப்புகளை அடுக்கினால் இதற்கு முழு விடை கிடைக்காது. இதே மண்ணில் 200 ஆண்டுகளுக்கு முன் இதே வயதுப் பிள்ளைகள் கற்றதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் நாம் பெற்றதும் விட்டதும் தெரியும். ஆகவே இங்கே ஒரு பக்கம் திண்ணைப் பள்ளி. மறுபக்கம் இன்றைய ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பறை. யாருக்குக் கற்பித்தார்கள், எப்படிப் பிரித்து உட்கார வைத்தார்கள், எதை எந்த வழியில் கற்பித்தார்கள் என்ற கேள்விகளை இரண்டிடமும் கேட்போம்.

யார் உள்ளே வந்தார்கள்?

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கணக்கு அனுப்பச் சொன்னார். மதுரையில் அப்போது கலெக்டராக இருந்தவர் ரவுஸ் பீட்டர். ‘பீட்டர் பாண்டியன்’ என்று ஊர் இன்றும் நினைவில் வைத்திருப்பவர். 1823-இல் அவர் அனுப்பிய கணக்குப்படி மதுரை ஜில்லாவில் 844 பள்ளிகள். படித்தவர்கள் 13,781 பேர். ஜில்லாவின் மக்கள்தொகை 7,88,196. இந்த அறிக்கைகளைத் தரம்பால் 1983-இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டபோது, ஆங்கிலேயர் வருமுன் நம்மிடம் கல்வி இல்லை என்ற பேச்சு ஆட்டம் கண்டது.

அந்த எண்களைப் பார்த்தால் பெருமை வருகிறது. கொஞ்சம் நின்று பார்த்தால் வருத்தமும் வருகிறது. 13,781 பேரில் பெண் பிள்ளைகள் 105 பேர் மட்டுமே. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திண்ணைப் படி ஏற வழியில்லை. அந்தக் கல்வி ஆழமானதா என்று பேசும் முன், அது யாருக்குக் கிடைத்தது என்பதை மறக்காமல் இருக்க வேண்டும்.

இன்று ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலோ மாநகராட்சித் தொடக்கப் பள்ளியிலோ காலை இறைவணக்கத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே வேறுபாடு புரியும். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற, பூக்கட்டிப் பிழைக்கிற வீடுகளின் பிள்ளைகள்தான் அந்த வரிசை. பாதிப் பேர் பெண் குழந்தைகள்.

சோற்றின் கதையும் தலைகீழாகிவிட்டது. திண்ணை வாத்தியாருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரும் காசும் நெல்லும் காய்கறியும்தான் அவர் ஜீவனம். இன்று பள்ளியே பிள்ளைக்குச் சோறு போடுகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது மதுரையில்தான். நெல்பேட்டைப் பகுதியில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக வருகிறது. வயிறு நிறைந்த பிள்ளையின் காதில்தான் பாடம் ஏறும் என்பது காலை ஒன்பது மணிக்கு வகுப்பெடுக்கும் எந்த ஆசிரியருக்கும் தெரிந்த விஷயம்.

வகுப்பா, நிலையா?

இரண்டு பக்கமும் எதிர்பாராமல் கைகோர்க்கும் இடம் ஒன்று உண்டு.

திண்ணையில் ‘மூன்றாம் வகுப்பு’ என்று ஒன்று கிடையாது. ஒரே திண்ணையில் மணலில் ‘அ’ எழுதும் பிள்ளையும் இருப்பான், ஆத்திசூடி சொல்பவனும் இருப்பான், ஓலையில் கணக்கு எழுதுபவனும் இருப்பான். மதுரை ஜில்லாவின் சராசரி பள்ளிக்குப் பதினாறு பிள்ளைகள்தான். யார் எதுவரை கற்றானோ அங்கிருந்து அடுத்தது. தேறியவன் சட்டாம்பிள்ளையாகிச் சின்னவர்களுக்குச் சொல்லித் தருவான். சென்னையில் இந்த வழக்கத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் அநாதை இல்லத்தில் அதைச் செய்து பார்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

நம் ஊரிலோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்று பார்த்து மானியம் கொடுக்கும் வழக்கம் வந்தது. வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு புத்தகம், ஆண்டுக்கு ஒரு தேர்வு என்று அச்சு இறுகியது. அந்த அச்சில் பின்தங்கிய பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிடுவதும் வாடிக்கையானது.

2007-08-இல் தமிழகம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் இந்த அச்சை முதலில் அசைத்தது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளை உட்கார்ந்தே எழுதும்படி சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். 2012-13-இல் முப்பருவ முறை வந்து, ஆண்டுக்கான புத்தகச் சுமையை மூன்றாகப் பிரித்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் பிள்ளைகளிடையே பெரிய இடைவெளியை விட்டுச் சென்றது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் என்ற இலக்கோடு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள். மறு ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன.

அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்காருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும், எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளை அரும்பில் இருப்பாள். அதில் அவமானம் இல்லை. ஜூனில் அரும்பு என்றால் அடுத்த சித்திரைக்குள் மொட்டு. ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே அறையில் மூன்று வகுப்புகளை ஓர் ஆசிரியரே பார்க்கும்போது, இந்தப் பிரிப்புதான் அவருக்குக் கைகொடுக்கிறது. மலரில் இருப்பவள் அரும்பில் இருப்பவளுக்கு ‘க, கா’ காட்டித் தருவதைப் பார்க்கும்போது பழைய சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருகிறான். அவன் கையில் இருந்த பிரம்பு மட்டும் இவள் கையில் இல்லை.

மூன்றாம் பருவத்தின் பொருளே இதில்தான் இருக்கிறது. முதல் பருவம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டும். மூன்றாம் பருவம் எவ்வளவு தூரம் நடந்தது என்று காட்டும்.

படியும் லிட்டரும்

கற்பித்த பொருளுக்கு வருவோம். திண்ணைப் பிள்ளையின் கணக்குக்கு அடிப்படை எண்சுவடி. ஒன்றுக்கு மேலே போகும் எண்களோடு ஒன்றுக்குக் கீழே இறங்கும் எண்களும் அவன் நாக்கில் இருக்கும். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. அடுத்து நெல் அளவைக்கான நெல்லிலக்கம். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம்.

இது வெறும் வாய்பாடு இல்லை. தை மாதக் களத்து மேட்டில் மரக்காலைக் கவிழ்க்கும்போது, அப்பாவின் பங்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று அந்தப் பையன் காதில் விழுந்த சொற்களே அவன் பாடமும். பள்ளிக்கு வெளியே கேட்டதற்குப் பள்ளிக்குள் ஒழுங்கு கிடைத்தது. கணக்குப்பிள்ளை தன் நெல்லை ஏமாற்றி அளக்கிறானா என்று தெரிந்துகொள்ளவும் அந்தக் கணக்கு உதவியது.

இன்றைய பிள்ளை மில்லிலிட்டர், லிட்டர், கிராம், கிலோகிராம் கற்கிறாள். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ஒன்றுகளையும் பத்துகளையும் பிரிக்கிறாள். காகித வட்டத்தை மடித்து அரை, கால் என்று நிறம் தீட்டுகிறாள். உலகம் முழுதுக்கும் பொதுவான அளவை இது. மேலூர்ப் பிள்ளை நாளை எந்த நாட்டில் வேலைக்குப் போனாலும் இந்த லிட்டர் செல்லுபடியாகும். பழைய படியோ ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே மெட்ரிக் அளவையை விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் லிட்டருக்கும் பள்ளி மதில் தாண்டி நடக்கும் அளவைக்கும் நடுவே பாலம் போடுவது இன்னும் தனிப்பட்ட ஆசிரியரின் ஆர்வத்தை நம்பியே இருக்கிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகிற அம்மாவின் மகளுக்கு மல்லிகை கிலோவுக்கு வந்து முழத்துக்குப் பிரிவது தெரியும். பனிக்காலத்தில் பூ வரத்து சுருங்கி விலை ஏறுவதும், பங்குனி, சித்திரையில் செடி பூத்துக் கொட்டி விலை இறங்குவதும் தெரியும். தையில் தொடங்கி வாராவாரம் அந்த விலையைக் கட்டக் காகிதத்தில் பட்டையாக வரைந்தால், பருவம் முடிவதற்குள் தகவல் கையாளுதல் என்ற பாடம் முழுதும் அவள் கையில் இருக்கும். அந்தப் பூவுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பொது அறிவுக் கேள்வியாகக் கேட்கிறோம். அவள் வீட்டுக் கணக்கை வகுப்பில் கேட்பது குறைவு.

மனப்பாடமும் பதிவேடும்

திண்ணையில் நினைவாற்றலே ஏடு. மாலையில் எல்லோரும் நின்று முறை சொல்ல வேண்டும். ஒருவன் முன்சொல்ல மற்றவர் பின்சொல்வார்கள். தப்பினால் பிரம்பு. கோதண்டம் என்று மேலிருந்து தொங்கும் கயிற்றில் தொங்கவிட்ட கொடுமையும் உண்டு. உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் தஞ்சைச் சீமையின் திண்ணைப் பள்ளிகளைச் சொல்லும்போது இந்த வாழ்க்கையை நெருக்கமாகக் காட்டுகிறார். அச்சத்தால் ஏறிய பாடம் பலருக்கு ஆயுள் முழுக்க நின்றது. அதே அச்சத்தால் பள்ளியை விட்டே ஓடியவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இன்று பாட்டு, கதை, பொம்மலாட்டம் வழியாகப் பாடம் வருகிறது. அடி இல்லை. பயிற்சி நூலில் பிள்ளை எழுதுகிறது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிகிறது. நிலையை ஆசிரியர் செயலியில் ஏற்றுகிறார். இந்தப் பதிவு வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்பது ஆசிரியர்களின் நீண்ட நாள் முறையீடு. அதில் நியாயம் இருக்கிறது. திண்ணை வாத்தியார் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே நிலையை அறிந்தார். இன்றைய ஆசிரியருக்கும் அது தெரியும். அவர் பார்வையைத் திரையிலிருந்து பிள்ளையின் பக்கம் திருப்பிவிடுவது அரசின் கடமை.

வாய்பாடு சொல்வதை மட்டும் நாம் அளவுக்கு மேல் ஒதுக்கிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள் தெரிந்து சொல்லும் வாய்பாடு சுமை ஆகாது. கூடிச் சொல்லும்போது அதில் ஒரு தாளம் பிறக்கிறது. பின்தங்கிய பிள்ளையும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு நாழி நெல்

நிலைவாரிக் கல்வி திண்ணையிடமிருந்து நமக்குத் திரும்பி வந்திருக்கிறது. எல்லோருக்குமான பள்ளி திண்ணை தராதது. நாம் போராடிப் பெற்றது. ஊரின் வேலையும் விளைச்சலும் பாடத்துக்குள் வருவது திண்ணையிடம் இருந்தது. அதை வழியில் எங்கோ விட்டுவிட்டோம். அதை மீட்க ஏற்ற காலம் மூன்றாம் பருவம்தான். பெரியாறு பாசன நெல் களத்தில் குவிந்திருக்கும் மாதங்கள் இவை.

தை மாதம் மேலூர் வட்டத்தில் ஓர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒரு படி புது நெல்லை வகுப்பறை நடுவில் கொட்டட்டும். 360 நெல் ஒரு செவிடு என்றால் நாழிக்கு எத்தனை என்று கேட்கட்டும். பிள்ளைகள் பெருக்குவார்கள்: ஆழாக்குக்கு 1,800, உழக்குக்கு 3,600, உரிக்கு 7,200, நாழிக்கு 14,400. திண்ணைப் பிள்ளை இந்த எண்ணைச் சொன்னான். எண்ணிப் பார்க்க யாரும் அவனைக் கேட்டதில்லை. இவர்கள் எண்ணுவார்கள். ஒரு சின்ன மூடியில் அளந்து, அதில் எத்தனை நெல் என்று எண்ணி, படிக்கு எத்தனை மூடி என்று பார்த்துப் பெருக்குவார்கள். விடை 14,400 வராது. சன்ன ரக நெல்லானால் எண்ணிக்கை கூடும். குண்டு நெல்லானால் அதைவிடக் குறையும். ஏன் என்ற கேள்வி அங்கே பிறக்கும். பழைய வாய்பாடும் புதிய அறிவியலும் ஒரே மூடியில் சந்திக்கும் இடம் அது.

எண்ணுகிற கைகளில் பாதி பெண் பிள்ளைகளின் கைகளாக இருக்கும். இரண்டு நூற்றாண்டுக்கு முன் அந்த 13,781 பேரில் இடம் கிடைக்காதவர்களின் வழி வந்தவர்கள், ஆளுக்கொரு கைப்பிடி நெல்லை முன்னால் வைத்துக்கொண்டு, பத்துப் பத்தாகப் பிரித்து உரக்க எண்ணிக்கொண்டிருப்பார்கள்.