யூனிக்ஸின் நாடி பார்த்த கதை

ஒரு டெர்மினலுக்காகக் கணினி மைய வாசலில் காத்துக் கிடந்த அந்த நாள் மாணவர்களுக்கும், கைப்பேசியிலிருந்தே சர்வரைத் தட்டிப் பார்க்கும் இந்த நாள் மாணவர்களுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: "மெஷின் ஏம்ப்பா இவ்வளவு ஸ்லோவா இருக்கு?" யூனிக்ஸ் பிறந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதன் நாடி பார்க்க மனிதர்கள் கற்றுக்கொண்ட கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. அதை இந்த மலரில் சுருக்கமாகச் சொல்ல ஆசை.

பங்கு வந்தது, கணக்கும் வந்தது

ஆரம்பக் காலக் கணினி ஒருவர் வேலையை முடித்த பிறகுதான் அடுத்தவர் வேலையைத் தொடும். 1961-இல் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. பங்கு என்று வந்தால் "யார் அதிகம் எடுத்தது?" என்ற பேச்சும் வரத்தானே செய்யும்? 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் வளர்ந்ததும் இப்படிப்பட்ட கூட்டுக் குடித்தனத்தில்தான். எந்தெந்த வேலைகள் ஓடுகின்றன என்று காட்டும் 'பிஎஸ்' கட்டளை 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

'லோட் ஆவரேஜ்' என்று நாம் தினமும் பார்க்கும் எண் யூனிக்ஸுக்குச் சொந்தமானது அல்ல. பி.பி.என். நிறுவனம் பி.டி.பி.-10 கணினிக்காக எழுதிய டெனெக்ஸ் என்ற அமைப்பில் அது முன்பே இருந்தது. 1973 ஆகஸ்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 546 என்ற குறிப்பு, அந்த ஆண்டு ஜூலை மாத லோட் ஆவரேஜ்களைப் பற்றியதுதான். பிறகு பெர்க்லி யூனிக்ஸிலும் அது இடம்பிடித்தது. 'அப்டைம்' என்று அடித்தால் கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கு மூன்று எண்கள் வரும்.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொண்டால் போதும். எடை போட்டு வாங்கிக்கொண்டிருப்பவர் ஒருவர், பின்னால் நிற்பவர்கள் 9 பேர் என்றால் லோட் 10. எடை போடுபவர் ஒருவரே என்றால் அது நெரிசல். பத்துப் பேர் எடை போட்டால் நெரிசலே இல்லை. ஆகவே செயலிகள் எத்தனை என்று தெரியாமல் லோட் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

மேஜை சிறிது, புத்தகம் அதிகம்

நினைவகத்தின் கதை வேறு. சின்ன மேஜையில் பத்துப் புத்தகங்களை விரிக்க முயல்கிறவன் ஒன்றை எடுத்து அலமாரியில் வைப்பான், இன்னொன்றைக் கொண்டுவருவான். நாள் முழுக்க நடையாய் நடப்பான், ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டான். கணினிக்கு வரும் இந்த நோய்க்குத் 'த்ராஷிங்' என்று பெயர். இது ஏன் வருகிறது என்பதைப் பீட்டர் டென்னிங் 1968-லேயே விளக்கிவிட்டார்.

1979-இல் பெர்க்லியில் பில் ஜாயும் பாபாவோக்ளுவும் வாக்ஸ் கணினிக்கான யூனிக்ஸில் பேஜிங் வசதியைச் சேர்த்தார்கள். நினைவகத்தில் இடம் போதாதபோது, பயன்படாத பக்கங்களை டிஸ்கில் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு அது. அந்தப் போக்குவரத்தை எண்ணிக் காட்டவே 'விஎம்ஸ்டாட்' போன்ற கருவிகள் தேவைப்பட்டன. மேஜை நிறைந்திருப்பது நோயல்ல, நடை ஓயாமல் இருப்பதே நோய் என்பது அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரிந்தது.

1984-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ரைஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் லெஃபீவர், அதிகம் சாப்பிடும் வேலைகளை வரிசைப்படுத்தித் திரையில் தொடர்ந்து காட்டும் 'டாப்' என்ற நிரலை எழுதினார். மாணவர் ஒருவர் எழுதியது இன்றும் உலகமெங்கும் ஓடுகிறது! அதே ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தின் டாம் கில்லியன், ஓடும் வேலைகளையே கோப்புகள் போலத் திறந்து படிக்க வைத்தார். 'ப்ராக்' என்ற அந்த ஏற்பாட்டை லினக்ஸ் பிறகு எடுத்துக்கொண்டு விரிவாக்கியது.

1988 நவம்பர் 2 இரவு

இந்தக் கருவிகளுக்கெல்லாம் பெரிய பரீட்சை வந்தது அன்றைக்குத்தான். கார்னெல் மாணவர் ராபர்ட் மாரிஸ் அவிழ்த்துவிட்ட 'வோர்ம்' என்ற புழு நிரல், வலையில் இணைந்த யூனிக்ஸ் கணினிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. யூட்டா பல்கலைக்கழகத்தின் வாக்ஸ் 8600 கணினிக்கு என்ன ஆனது என்பதை அங்கிருந்த டான் சீலி பின்னால் நேரவாரியாக எழுதினார்.

இரவு 8.49-க்குப் புழு உள்ளே நுழைந்தது. 9.21-க்கு லோட் 5. வழக்கமாக அந்த நேரத்தில் லோட் 1-தான் இருக்கும். 10.01-க்கு 16. 10.06-க்குப் புதிய வேலை எதையுமே தொடங்க முடியவில்லை. 10.20-க்கு நிர்வாகி புழுக்களைக் கொன்றார், அவை மறுபடி வந்தன. இயந்திரத்தையே நிறுத்தித் திரும்பத் தொடங்கினார், அப்போதும் வந்தன. 11.21-க்கு லோட் 37!

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்தப் புழு 'பிஎஸ்' கட்டளையை ஏமாற்றும் விதமாக எழுதப்பட்டிருந்தது. தன் பெயரைச் சாதாரண 'ஷெல்' போலக் காட்டிக்கொண்டது. அவ்வப்போது தன்னைப் போலவே ஒரு நகலை உண்டாக்கிவிட்டுப் பழையது செத்துப்போகும். அதனால் வேலையின் எண் மாறும், செயலி நேரக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். பட்டியலைப் பார்ப்பவர் கண்ணுக்கு "இது யாரோ நம்ம பையன்தான்" என்று தோன்றும்.

ஆனால் ஆளை மறைக்கலாம், வரிசையின் நீளத்தை மறைக்க முடியுமா? ஏற்கெனவே தன் நகல் இருக்கும் இடத்திலும் ஏழில் ஒரு முறை விலகாமல் தங்கிவிடும்படி அது எழுதப்பட்டிருந்ததால், நகல்கள் குவிந்தன, லோட் ஏறியது. வழக்கமான எண் 1 என்று தெரிந்தவர்களுக்கு 5 என்பதே எச்சரிக்கை. அது தெரியாதவருக்கு 5 வெறும் 5-தான். மாரிஸுக்கு 1990-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

எண் அதே, பொருள் வேறு

கருவியின் பெயர் மாறாமலேயே அது காட்டும் பொருள் மாறுவதும் உண்டு. 1993-இல் லினக்ஸில், டிஸ்குக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் லோட் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எடை போடுபவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கிடங்கிலிருந்து சரக்கு வரவில்லை, வரிசை மட்டும் நீளம்! "லோட் 20, ஆனா செயலி சும்மா இருக்கே?" என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

நினைவகத்திலும் இதே தொல்லை. சும்மா கிடக்கும் இடத்தில் டிஸ்கிலிருந்து படித்தவற்றை லினக்ஸ் வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். 'ஃப்ரீ' கட்டளையில் மீதி குறைவாகத் தெரிவதைப் பார்த்துப் புது நினைவகம் வாங்க ஓடியவர்கள் எத்தனையோ பேர். 2014-இல் வந்த லினக்ஸ் 3.14, உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டைத் தனியாகவே காட்டத் தொடங்கியது. 2018 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், செயலிக்கோ நினைவகத்துக்கோ டிஸ்குக்கோ காத்திருந்து வேலைகள் இழந்த நேரத்தையே அளக்க ஆரம்பித்தது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வண்ண வரைபடங்களோடு கண்காணிப்பு மென்பொருள்கள் இப்போது எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அந்த வரைபடத்துக்கு அடியில் எண்ணப்படுவது எது என்று கேட்காமல் நம்பாதீர்கள். சர்வர் படுத்த பிறகு 'டாப்' அடிப்பதை எல்லோரும் செய்வார்கள். அது நன்றாக ஓடும் நாட்களில் அடித்துப் பார்த்து, வழக்கமான எண்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆரோக்கியமான நாடி எப்படித் துடிக்கும் என்று தெரிந்த வைத்தியருக்குத்தானே காய்ச்சல் கையில் படும்?