மெட்ரிக் மாற்றமும் மராத்தி அளவைச் சொற்களும்: புணே நகர வழக்கு

ஓர் அளவை முறையைச் சட்டம் குறித்த நாளில் மாற்றிவிடலாம். அம்முறைக்குரிய சொற்கள் அந்நாளிலேயே மறைந்துவிடுவதில்லை. இந்திய நாடாளுமன்றம் 1956-இல் எடையளவுத் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் தேர்ந்தெடுத்த பகுதிகளில் நடைமுறைக்கு வந்து, 1960-களின் தொடக்கத்தில் நாடெங்கும் கட்டாயமாயின. பிரித்தானிய ஆட்சிக்கால அளவைகளின் பெயர்கள் அதன்பின் அடைந்த நிலையை நான்கு வகையாகப் பகுத்துக் காணப் புணே நகர மராத்தி இடமளிக்கிறது.

1. பின்னப் பெயர் நிலைத்தல்

புணேயின் காய்கறிச் சந்தையில் 250 கிராம் என்பது 'பாவ் கிலோ' எனப்படும். 'பாவ்' என்பது நான்கில் ஒரு பங்கு. முன்னர் 'பாவ்ஷேர்' எனப்பட்டது காற்சேர். சேரின் எடை 933.1 கிராம் ஆதலால் அது ஏறத்தாழ 233 கிராம். பதின்ம முறையிலமைந்த அலகு வந்த பின்னரும் பேச்சு வழக்கு அதனைப் பாதியும் காலுமாகவே பகுக்கிறது. தமிழின் 'கால் கிலோ', 'அரை லிட்டர்' என்பனவும் இத்தகையனவே.

2. பெயர் நிற்க அளவு மாறுதல்

லட்சுமி சாலை நகைக்கடைகளில் இன்றும் வழங்கும் சொல் 'தோளா'. ஆங்கில ஆட்சியில் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், என வரையறுக்கப்பட்ட இவ்வலகு இன்றைய வணிக வழக்கில் 10 கிராமைக் குறிக்கிறது. தமிழகத்தில் 7.99 கிராம் எடையுள்ள ஆங்கிலப் பொன் நாணயத்தின் பெயரான 'சவரன்' 8 கிராமைக் குறிப்பது இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது. 1957-இல் பதின்ம நாணயம் வந்தபோது பழைய பைசாவிலிருந்து வேறுபடுத்த அரசு 'நயா' என்னும் அடையைச் சேர்த்தது. 1964-இல் அது நீக்கப்பட்டது. தோளாவுக்கோ அத்தகைய அடை அமையவில்லை. எனவே 1940-இல் எழுதப்பட்ட உயிலிலுள்ள 'பத்துத் தோளா' 116.6 கிராம் ஆகும். இன்றைய வழக்குப்படி கொண்டால் அது 100 கிராமாகக் குறைந்துவிடும்.

3. அளவு பொருட்பெயராதல்

'நௌவாரி' என்பது ஒன்பது வார், அதாவது ஒன்பது கெஜம், நீளமுள்ள புடவை. இன்று துணி மீட்டரால் அளந்து விற்கப்படினும் இப்பெயர் மாறவில்லை. அது நீளத்தைவிடக் கச்சம் வைத்துக் கட்டும் உடைவகையையே முதன்மையாகச் சுட்டுகிறது. இதனை '8.23 மீட்டர்ப் புடவை' எனப் பெயர்ப்பது கணக்கிற் சரியாயினும் பொருளிற் பிழையாகும். தமிழில் 'ஒன்பது கெஜப் புடவை', 'பதினெட்டு முழப் புடவை' என்னும் வழக்குகள் ஆயத்தமாக உள்ளன.

4. பழைய அளவு ஆவணத்தில் தொடர்தல்

நிலத்துக்குரிய 'குண்ட்டா' ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு: 33 அடிக்கு 33 அடி, அதாவது 1089 சதுர அடி. பெயர் இந்தியப் பெயர். இன்று வழங்கும் அளவோ ஆங்கில அடியால் வரையறுக்கப்பட்டது. மகாராட்டிரத்தின் 'சாத்பாரா' நிலப்பதிவேடு எக்டேர், ஆர் என்னும் மெட்ரிக் அலகுகளைக் கையாள்கிறது. ஆயினும் சிறு மனைகளாகப் பிரிக்கப்பட்ட நிலங்களை முறைப்படுத்த இம்மாநிலம் 2001-இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'குண்ட்டேவாரி' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. ஒரு குண்ட்டா 101.17 சதுர மீட்டர். ஓர் ஆர் 100 சதுர மீட்டர். இவ்விரண்டும் ஏறத்தாழச் சமமாதலால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பது எளிது. அவ்வாறு செய்யின் ஓர் ஏக்கருக்கு 46.86 சதுர மீட்டர், அதாவது 504 சதுர அடி, குறையும். சிறு குடும்பம் ஒன்று குடியிருக்கும் வீட்டின் பரப்பு இது.

முடிவு

முதல் வகையில் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர்ப்பாடு இல்லை. மூன்றாம் வகையில் அளவை மாற்றாது பெயரைப் பெயர்த்தல் போதும். இரண்டாம், நான்காம் வகைகளிலோ அகராதிப் பொருள் மட்டும் துணைசெய்யாது. ஆவணம் எழுதப்பட்ட ஆண்டையும் அது எத்துறை சார்ந்தது என்பதையும் அறிந்த பின்னரே எண்ணை மாற்ற வேண்டும். மூலத்தின் அலகை அவ்வாறே நிறுத்தி, மெட்ரிக் அளவை அடுத்துத் தருவது தக்க முறையாகும். இருமொழி அகராதிகளும் இத்தகைய சொற்களுக்குப் பொருளுடன் அப்பொருள் வழங்கிய காலத்தையும் குறித்தல் வேண்டும்.