பழைய உலோகமும் மறந்துபோன பதிவேடும்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியிற் சென்றால் பிலிமத்தலாவையில் பித்தளைக் கடைகள் வரிசையாகத் தோன்றும். அங்கு ஒளிரும் பொருள்கள் யாவும் புதிய உலோகத்தில் வார்க்கப்பட்டவை அல்ல. பழைய பித்தளையும் உலையிலிடப்படுவதுண்டு. அது எங்கிருந்து வந்தது என்று உலை கேட்பதில்லை. கதிர்மூலங்கள் வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் புகும்வரை அதனைக் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கதிர்த்தொழிற்பாடு கலந்த உலோகம் என்றதும் மூடப்பட்ட அணு நிலையங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நிலையங்களின் கழிவு உலோகம் சந்தைக்குச் செல்வதை 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் இடைநிறுத்தியது. உருக்குத் தொழில்துறையினரும் தொழிற்சங்கத்தினரும் முன்னரே எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். அங்கு உலோகத்துக்குப் பதிவேடு இருந்தது. ஆதலால் வாதிடவும் இடமிருந்தது. உயிர்ப்பலி நேர்ந்ததோ பதிவேடு மறந்துபோன இடங்களிலாகும்.

தில்லிப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறை 1968இல் கனடாவிலிருந்து கோபாற்று-60 கொண்ட கதிர்வீச்சுக் கருவியொன்றை வாங்கிற்று. 1985இன் பின் அது பயன்படுத்தப்படவில்லை. 2010 பெப்ரவரியில் பழைய இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரிச் சந்தையில் உழைப்பாளர் அதன் ஈயக் கவசத்தைக் கழற்றினர். ஒருவர் சிறு துண்டொன்றைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். ஏழு பேர் கடும் பாதிப்புற்றனர். ஏப்பிரலில் ஓர் உழைப்பாளி உயிரிழந்தார். கோபாற்று-60இன் அரைவாழ்வு ஏறத்தாழ 5.3 ஆண்டு. ஆகவே, அந்நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அதன் தொழிற்பாடு இருநூற்றில் ஒரு பங்கினும் குறைந்திருக்கும். எஞ்சிய அச்சிறு பங்கே உயிரைக் கவர்ந்தது. அரைவாழ்வைக் கற்பிக்கும் துறை விற்றது. அச்சொல்லையே கேட்டறியாதவர் உடைத்தார்.

இது தனி நிகழ்ச்சியன்று. மெக்சிக்கோவின் சியூடாட் குவாரெசு நகரில், பயன்படுத்தப்படாது கிடந்த சிகிச்சைக் கருவியொன்று 1983இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. சீசியம் உருகும்போது பெரும்பாலும் உலைத்தூசியோடு வெளியேறும்; கோபாற்றோ உருக்கிலேயே கலந்து நிற்கும். அதனால் அங்கு கட்டடக் கம்பிகள் கதிர்வீசின. 1984 சனவரியில் கம்பி ஏற்றிய லொறியொன்று வழிதவறி லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் அளவுகருவிகளை ஒலிக்கச் செய்தமையாலேயே செய்தி வெளிப்பட்டது. வழி தவறாதிருந்தால்?

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. எனினும் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கதிர்மூலங்கள் வந்துள்ளன. 1969இன் 19ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி அதிகாரசபையை நிறுவியது. 2014இன் 40ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குறுத்தும் பணியைத் தனிப் பேரவையொன்றிடம் ஒப்படைத்தது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால் சட்டம் தில்லியிலும் இருந்தது. சட்டத்துக்கும் பழைய பொருள் வாங்குவோரின் சாக்குக்கும் இடையே ஒரு களஞ்சிய அறை இருக்கிறது. பேராதனையில் பணியாற்றும் நாம் முதலில் திறக்க வேண்டிய கதவு அதுவேயாகும். பிலிமத்தலாவையில் சாக்கை அவிழ்ப்பவரிடம் அளவுகருவி இல்லை. களஞ்சியத்தைத் துப்புரவு செய்யுமாறு சுற்றறிக்கை வரும்போது, மூலையிற் கிடக்கும் கனத்த பெட்டியின் வரலாற்றை அறிந்த கடைசி ஆய்வுகூட உதவியாளரும் ஓய்வுபெற்றுச் சென்றிருப்பார்.