4 குவார்க் துகள்: கணினியால் முன்கூட்டியே சொல்ல முடியுமா?

புரோட்டானுக்குள் 3 குவார்க்குகள் என்று படித்திருப்போம். 4 சேர்ந்த துகளும் உண்டு!

எங்கே கண்டார்கள்?

ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில். 2 சார்ம் குவார்க்குகளும் 2 எதிர்க்குவார்க்குகளும் சேர்ந்த துகளை எல்எச்சிபி குழு 2021இல் அறிவித்தது.

கணினிக்கு என்ன வேலை?

குவார்க்குகளைப் பிணைப்பது வலுவிசை. அதன் சமன்பாடுகளைத் தாளில் போட்டு விடை காண்பது ரொம்பக் கஷ்டம். அதனால் இடத்தையும் நேரத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். கென்னத் வில்சன் 1974இல் காட்டிய வழி இது.

எப்படித் தெரியும்?

நான்கும் சேர்ந்திருக்கும்போது உள்ள ஆற்றல், இரண்டு துகள்களாகப் பிரிந்திருப்பதைவிடக் குறைவா? அப்படின்னா ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து என்ன?

சார்முக்குப் பதில், அதைவிடக் கனமான பாட்டம் குவார்க்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். இன்னும் இறுக்கமாக ஒட்டும் என்றது கணக்கு. ஆனால் ஆய்வகத்தில் அது இன்னும் சிக்கவில்லை. ஒரே மோதலில் 2 பாட்டம் குவார்க்குகள் அருகருகே உருவாகணும். அது மிக அரிது.

சிக்கினால்? வலுவிசையை நாம் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பதற்கு அது பலமான சான்று.